பழைய கைத்துப்பாக்கியில் தளர்ந்த சுருள்வில்: அறிதலும் மாற்றுதலும்

எஃகினால் செய்யப்பட்ட பொருள் உடைந்தாலன்றிக் கெடாது என்பது மக்களிடையே பரவலாக உள்ள நம்பிக்கை. குழல் துருப்பிடிக்காமலும், பிடி விரிசல் காணாமலும், மேற்பூச்சு மங்காமலும் இருக்குமாயின் துப்பாக்கி நல்ல நிலையில் இருப்பதாகவே கருதப்படுகிறது. ஆனால் கண்ணுக்கு எவ்விதக் குறையும் தோன்றாமலே தன் கடமையில் தவறத் தொடங்கும் உறுப்பு ஒன்று அதனுள் இருக்கிறது. பட்டறைகளில் ‘ஸ்பிரிங்’ என வழங்கப்படும் சுருள்வில்லே அது. சுருள்வில் பெரும்பாலும் உடைந்து கெடுவதில்லை. சிறிது சிறிதாகத் தளர்ந்தே கெடுகிறது. அவ்வாறு தளர்ந்ததை இழுத்து நீட்டி மீண்டும் பொருத்தும் வழக்கம் நம் நாட்டில் மிகுதி. இவ்வழக்கம் ஏன் தவறானது என்பதையும், செய்யத்தக்கது யாது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ள பாலசமுத்திரம் போன்ற ஊர்களில் களப்பணி ஊழியரும் பள்ளி ஆசிரியரும் தம் தொழிலுக்குப் புறம்பான பல கேள்விகளுக்கும் விடை கூறவேண்டியவர்களாக இருக்கின்றனர். ‘தந்தையார் காலத்திலிருந்து உரிமத்துடன் இருந்துவரும் கைத்துப்பாக்கி முழுவதும் மூடவில்லை, ஸ்பிரிங்கை வெளியே எடுத்து இழுத்துவிட்டால் போதுமா?’ என்பது அத்தகைய கேள்விகளுள் ஒன்றாக இருக்கலாம். ‘போதாது’ என்பதே விடை. ஆயினும் காரணம் கூறாத விடை எவரையும் திருப்தி செய்யாது. காரணத்தை அறியச் சுருள்வில்லின் இயல்பிலிருந்து தொடங்குவோம்.

பழைய துப்பாக்கிகள் ஏன் இன்றும் பயன்பட்டு வருகின்றன?

9 மி.மீ. போன்ற இராணுவ அளவுத் தோட்டாக்களுக்குரிய கைத்துப்பாக்கிகளை நம் நாட்டில் பொதுமக்கள் சாதாரணமாக வைத்திருக்க இயலாது; அவை தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. எனவே உரிமம் பெற்றோரிடம் பெரும்பாலும் காணப்படுபவை 0.32 அங்குல, அதாவது 7.65 மி.மீ., அளவுடையவை. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து வெப்ளி அண்டு ஸ்காட் நிறுவனத்தாரின் கைத்துப்பாக்கி இவ்வகையினது. இலண்டன் மாநகரக் காவல்துறை 1911-இல் இதனை ஏற்றுக்கொண்டது. அமெரிக்க நிபுணரான ஜான் மோசஸ் பிரௌனிங் வகுத்த கோல்ட் 1903, பெல்ஜியத்தில் செய்யப்பட்ட எஃப்.என். 1910, ஜெர்மனியில் 1929-இல் வெளிவந்த வால்தர் பி.பி. ஆகியவையும் இவ்வகையில் பெயர்பெற்றவை.

1980-களின் நடுப்பகுதியில் பொதுமக்களுக்கான துப்பாக்கி இறக்குமதி பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. பின்னர் மேற்கு வங்காளத்தின் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை ‘அசனி’ என்னும் 0.32 கைத்துப்பாக்கியையும், கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலை அதே அளவுள்ள ரிவால்வரையும் செய்து அளித்தன. ஆயினும் முன்னரே வந்து சேர்ந்த அயல்நாட்டுத் துப்பாக்கிகளுக்கு மதிப்புக் குறையவில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு உரிய உரிம மாற்றத்துடன் சென்று, அரை நூற்றாண்டும் முழு நூற்றாண்டும் கடந்தவை அவற்றுள் உண்டு. துப்பாக்கி நீடித்திருக்கிறது, ஆனால் அதற்குரிய உதிரி உறுப்புகள் எளிதில் கிடைப்பதில்லை. புதிய சுருள்வில் கிடைக்காதபோது பழையதையே எவ்விதமாயினும் சரிசெய்துகொள்ளும் ஆசை எழுவது இயல்பு. அபாயம் தொடங்குவதும் அங்கேதான்.

சுருள்வில் செய்யும் வேலைகள்

தானே தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கியில் சிறியதும் பெரியதுமாகப் பல விற்கள் உண்டு. அவற்றுள் முதன்மையானது, ‘ஸ்லைடு’ எனப்படும் மேற்புறச் சறுக்குப் பகுதியை முன்னோக்கித் தள்ளி வைத்திருக்கும் மீட்புவில். தோட்டா வெடித்ததும் அதன் அழுத்தத்தால் ஸ்லைடு பின்னோக்கி விரைகிறது; வெற்றுத் தோட்டாவை வெளியே எறிகிறது; மீட்புவில்லை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட மீட்புவில் மறுபடி விரிந்து ஸ்லைடை முன்னே செலுத்துகிறது. செல்லும் வழியில் அடுத்த தோட்டாவைத் தள்ளிக் குழலினுள் அமர்த்துகிறது. இவ்வளவும் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த நேரத்தில் நிகழ்ந்து முடிகின்றன.

7.65 மி.மீ. துப்பாக்கிகளுள் பெரும்பாலானவற்றில் ஸ்லைடைக் குழலோடு பூட்டிவைக்கும் அமைப்பு எதுவும் இல்லை. ஸ்லைடின் எடையும் மீட்புவில்லின் விசையும் மட்டுமே அதன் பின்னோட்டத்தைத் தடுக்கின்றன. ஆகவே இவ்வகையில் மீட்புவில்லின் பொறுப்பு மிகவும் பெரிது.

இரண்டாவது, தோட்டாவைத் தட்டும் ‘குதிரை’ அல்லது சுத்தியலை இயக்கும் முதன்மைவில். மூன்றாவது, ‘மாகசின்’ எனப்படும் தோட்டாப் பெட்டியின் அடியிலிருந்து தோட்டாக்களை மேலே உயர்த்தும் வில். இவையன்றி, வெற்றுத் தோட்டாவைப் பற்றியிழுக்கும் கொக்கிக்கும், குத்தூசிக்கும், குதிரையைத் தடுத்து நிறுத்தும் நெம்புக்கும் தனித்தனியே சிறு விற்கள் உண்டு.

எல்லா விற்களும் சுருள் வடிவில் இருப்பதில்லை. வெப்ளி அண்டு ஸ்காட் துப்பாக்கியின் மீட்புவில், ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல் மடிந்த எஃகுப் பட்டை. வலப்புறப் பிடித்தகட்டின் உள்ளே அது மறைந்திருக்கிறது. எஃப்.என். 1910-இல் மீட்புவில் குழலைச் சுற்றியே அமைந்த சுருள். கோல்ட் 1903-இல் அது குழலின் அடியில் அமைந்துள்ளது. சுருள்வில் தளர்ந்து கெடுவது. பட்டைவில் தளர்வதோடு, மடிப்பில் விரிசல் கண்டு திடீரென முறியவும் கூடும். இவ்வேறுபாட்டை நினைவில் இருத்துதல் நலம்.

ஹூக் கண்ட விதி

இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானியாகிய இராபர்ட் ஹூக், தாம் கண்டறிந்த விதியை 1676-இல் எழுத்துக்களை அகர வரிசையில் கலைத்து அடுக்கிய ஒரு புதிராக வெளியிட்டார். 1678-இல் அதன் பொருளை விளக்கினார். ‘நீட்சி எவ்வளவோ, விசையும் அவ்வளவு’ என்பதே அதன் கருத்து. ஒரு கிலோகிராம் எடை ஒரு சுருள்வில்லை 10 மி.மீ. நீட்டுமாயின், இரண்டு கிலோகிராம் 20 மி.மீ. நீட்டும். எடையை நீக்கினால் சுருள்வில் பழைய நீளத்தை அடையும். இது நீட்டுதலுக்கும் அழுத்துதலுக்கும் பொதுவாகும்.

இவ்விதிக்கு ஓர் எல்லை உண்டு. மீள்சக்தி எல்லையைக் கடந்து அழுத்தப்பட்ட வில், பாரம் நீங்கிய பின்னும் பழைய நிலைக்கு முழுவதும் திரும்புவதில்லை. சிறிதளவு தளர்ச்சி அதில் நிலைத்துவிடுகிறது. எல்லைக்கு மிக அருகில் பல்லாயிரம் முறை அழுத்தப்படும் வில்லிலும் இத்தகைய தளர்ச்சி சிறுகச் சிறுகச் சேர்கிறது. அன்றியும், எல்லைக்குட்பட்ட விசையே ஆயினும் அது மீண்டும் மீண்டும் செயற்படும்போது உலோகத்தில் நுண்ணிய விரிசல் தோன்றி வளரக்கூடும். இதனை உலோகச் சோர்வு என்பர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மானியப் பொறியியலாளர் ஆகஸ்ட் வோலர் இரயில் வண்டிகளின் அச்சுகளைச் சோதித்து இவ்வுண்மையை நிலைநாட்டினார். ஒருமுறை தாங்கும் பாரத்தை என்றென்றும் தாங்கும் என்று உலோகத்தைப் பற்றி உறுதி கூற இயலாது என்பது அவருடைய ஆராய்ச்சியின் பயனாகும்.

நீளத்தில் சிறு குறைவு, விசையில் பெருங் குறைவு

ஒரு சுருள்வில் சில மில்லிமீட்டர் குறுகினால் என்ன நேர்ந்துவிடும் என்று எண்ணுவோர் பலர். கணக்கிட்டுப் பார்ப்போம். கீழே காணும் எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. குறிப்பிட்ட எந்தத் துப்பாக்கியையும் சார்ந்தவை அல்ல.

புதிய சுருள்வில்லின் தனி நீளம் 100 மி.மீ. என்க. அதனை ஒரு மில்லிமீட்டர் அழுத்த 0.1 கிலோகிராம் பாரம் வேண்டும். துப்பாக்கியில் பொருத்தியபோது அதன் நீளம் 60 மி.மீ.; ஸ்லைடு முழுவதும் பின்வாங்கியபோது 40 மி.மீ. ஆகவே, மூடிய நிலையில் அது 40 மி.மீ. அழுந்தி 4 கிலோகிராம் விசையுடன் ஸ்லைடைப் பிடித்திருக்கும். முழுவதும் அழுந்தியபோது விசை 6 கிலோகிராமாக உயரும்.

இப்பொழுது அது தளர்ந்து 92 மி.மீ. ஆயிற்று எனக் கொள்வோம். நீளத்தில் இழப்பு நூற்றுக்கு 8 மட்டுமே. ஆனால் மூடிய நிலையில் அது இனி 32 மி.மீ. மட்டுமே அழுந்தியிருக்கும், அதன் விசை 3.2 கிலோகிராம். அதாவது, பிடிக்கும் விசையில் நூற்றுக்கு 20 பங்கு குறைந்துவிட்டது. பின்னோட்டத்தின்போது சுருள்வில் தாங்கிக்கொள்ளும் ஆற்றலும் நூற்றுக்கு 16 பங்கு குறைகிறது. அவ்வாற்றல் மறைந்துபோவதில்லை, ஸ்லைடின் பாய்ச்சலில் எஞ்சி நின்று, துப்பாக்கியின் உடற்பகுதியில் மோதலாக இறங்குகிறது. பழைய துப்பாக்கிகளின் உடற்பகுதியிலும் ஸ்லைடிலும் விரிசல் ஏற்படுவதற்கு இம்மோதல் ஒரு முக்கிய காரணம். சுருள்வில்லை மாற்றிக்கொள்ளலாம், விரிசல் கண்ட ஸ்லைடை மாற்றுதல் அரிது. முகத்திற்கு நேரே இயங்கும் உறுப்பு அது என்பதையும் மறத்தலாகாது.

இழுத்து நீட்டுதல் ஏன் பயன்படாது?

தளர்ந்த சுருள்வில்லின் இரு முனைகளையும் பற்றி இழுத்தால் அது மீண்டும் 100 மி.மீ. நீளம் அடையும். அளவுகோல் அதனைச் சரியென்றே காட்டும். பொருத்திய அன்று விசையும் ஏறக்குறையப் பழைய அளவில் இருக்கும். ஏமாற்றம் இதில்தான் அடங்கியுள்ளது.

தேர்ந்த தொழிற்சாலைகளில் சுருள்வில்லை முதலில் வேண்டிய அளவினும் சற்று நீளமாகச் சுற்றுவர். பின்னர்ச் சுற்றுகள் ஒன்றோடொன்று தொடும்வரை சில முறை அழுத்துவர். அதனால் தளரவேண்டிய அளவு முன்னரே தளர்ந்து, மேற்கொண்டு அழுத்தத்தைத் தாங்கவல்ல உள்நிலை ஒன்று கம்பியில் உண்டாகிறது. சுருள்வில்லை இழுத்து நீட்டுபவர் இந்த நன்மையை அழித்துவிடுகிறார்.

அதுவுமன்றி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மியூனிக் நகரப் பேராசிரியர் யோஹான் பௌஷிங்கர் மற்றோர் உண்மையைக் கண்டறிந்தார். உலோகம் ஒரு திசையில் எல்லை கடந்து வளைக்கப்பட்டால், எதிர்த்திசையில் முன்னினும் குறைந்த விசைக்கே இணங்கிவிடும் என்பதே அது. இழுத்து நீட்டிய சுருள்வில்லுக்குத் துப்பாக்கியில் காத்திருக்கும் வேலை அழுந்துதல், அதாவது எதிர்த்திசை வேலை. ஆகவே அது விரைவில் மீண்டும் தளர்கிறது. பழுது நீங்கியது என்று உரிமையாளர் நம்பியிருக்கும் காலத்திலேயே பழுது திரும்புகிறது. பழுதுள்ளது என்று அறிந்த கருவியை எவரும் நம்புவதில்லை. சரியானது என்று நம்பிய கருவி தவறுவதே கேடு விளைவிக்கும்.

வெட்டுதலும் பருத்த கம்பியும்

ஸ்லைடை இழுப்பது கடினமாக இருக்கிறதென்று சுருள்வில்லின் ஓரிரு சுற்றுகளை வெட்டிவிடுவோரும் உண்டு. மேற்கூறிய சுருள்வில்லில் 20 சுற்றுகள் இருந்து, அவற்றுள் இரண்டை வெட்டினால் தனி நீளம் 90 மி.மீ. ஆகும். சுற்றுகள் குறைந்தமையால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் வேண்டிய விசை சிறிது கூடும். ஆயினும் மூடிய நிலையின் விசை 4 கிலோகிராமிலிருந்து ஏறத்தாழ 3.3 கிலோகிராமாகக் குறைந்துவிடும். வெட்டிய முனை கூராக நின்று உள்ளே உராய்வதும் உண்டு.

இதற்கு மாறாக, கிடைத்த கம்பியில் புதிய சுருள்வில் சுற்றிப் பொருத்துவதும் தவறே. சுருள்வில்லின் விறைப்பு, கம்பியின் விட்டத்தினது நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 1.0 மி.மீ. கம்பிக்குப் பதிலாக 1.1 மி.மீ. கம்பியைக் கொண்டால், பருமனில் வேறுபாடு நூற்றுக்கு 10; விறைப்பில் வேறுபாடு நூற்றுக்கு 46. கண்ணால் பார்த்து இவ்வேறுபாட்டை அறிய இயலாது. மிகைப்பட்ட விறைப்பினால் ஸ்லைடு முழுவதும் பின்வாங்காமல் நின்று, வெற்றுத் தோட்டா வாயிலில் சிக்கிக்கொள்ளும். அல்லது அடுத்த தோட்டா ஏறாமற் போகும். வலிமை மிகுந்த சுருள்வில் எப்பொழுதும் நல்லது என்னும் எண்ணம் பிழையானது. துப்பாக்கியின் வடிவமைப்பாளர் குறித்த அளவே சரியான அளவு.

பட்டைவில்லை நெருப்பில் காய்ச்சி நிமிர்த்துதல் மற்றொரு தவறு. வில்லெஃகின் குணம் அதன் வெப்பப் பதத்தில் அடங்கியுள்ளது. செந்நிறமாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்துக் கடினப்படுத்தி, பின்னர் நீலநிறம் தோன்றும் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் அளவில் பதப்படுத்தியே பழைய பட்டைவிற்கள் செய்யப்பட்டன. பதம் அறியாது சூடேற்றினால் அது ஈயம்போல் வளையும். அல்லது கண்ணாடிபோல் முறியும்.

தளர்ச்சியை அறியும் அடையாளங்கள்

உரிமையாளர் துப்பாக்கியைப் பிரிக்காமலே சில அடையாளங்களைக் காணலாம்.

1. ஸ்லைடு முன்போல் விரைந்து மூடாமல், இறுதியில் சிறிது இடைவெளி விட்டு நிற்றல்; வெற்றுத் தோட்டாக்கள் வழக்கத்தினும் தொலைவில் சென்று விழுதல். இவை மீட்புவில் தளர்ந்தமையைக் குறிக்கலாம்.

2. தோட்டா வெடிக்காமல், அதன் அடியிலுள்ள கேப்பில் மெல்லிய தழும்பு மட்டும் காணப்படுதல். முதன்மைவில் தளர்ந்திருக்கலாம், ஊசியின் வழியில் பிசுக்கு அடைத்திருக்கவும் கூடும். வெடிக்காத தோட்டா தாமதித்து வெடிப்பதுண்டு. ஆகவே குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து, குறைந்தது 30 நொடிகள் காத்திருத்தல் வேண்டும்.

3. மாகசினில் தோட்டா இருந்தும் மேலே உயராமல், ஸ்லைடு வெறுமனே மூடிக்கொள்ளுதல். இது மாகசின் வில்லின் குறை.

4. வெற்றுத் தோட்டா குழலிலேயே தங்கிவிடுதல். கொக்கியின் வில் தளர்ந்தோ, கொக்கி தேய்ந்தோ இருக்கலாம்.

5. டிரிக்கர் வழக்கத்திற்கு மாறாக மிக மெல்லிய தொடுதலுக்கே இணங்குதல். அல்லது ஒருமுறை அழுத்தியபோது இரண்டு தோட்டாக்கள் வெடித்தல். இது யாவற்றிலும் அபாயமானது. அத்தகைய துப்பாக்கியை அக்கணமே தோட்டா நீக்கி ஒதுக்கிவைத்தல் வேண்டும். பழுது நீங்கும்வரை மீண்டும் ஏற்றிப் பார்த்தலே கூடாது.

மாற்றும் முறை

கைத்துப்பாக்கியின் உள்ளுறுப்புகளைப் பழுதுபார்த்தல் எவரும் செய்யத்தக்க தொழில் அன்று. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கி செய்தலையும் விற்றலையும் போலவே பழுதுபார்த்தலையும் உரிமத்திற்கு உட்படுத்துகிறது; 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் அதன் நடைமுறையை வகுக்கின்றன. ஆகவே உரிமையாளர் துடைத்து எண்ணெயிடுதலோடு நின்று, வில் மாற்றும் வேலையை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்போரிடம் ஒப்படைத்தலே முறை. ஒப்படைக்கும்போது தம் உரிமத்தைக் காட்டி, எழுத்துமூலமான இரசீது பெற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

எந்தச் செயலுக்கும் முன்னர் மாகசினைக் கழற்றி, பின்னர் ஸ்லைடை இழுத்து, குழலினுள் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்தல் வேண்டும். இவ்வரிசையை மாற்றலாகாது. ஸ்லைடை முதலில் இழுத்து, மாகசினைப் பிறகு கழற்றுவோர், மாகசினிலிருந்து ஒரு தோட்டாவைத் தாமே குழலுக்குள் ஏற்றிவிட்டு, துப்பாக்கி வெறுமையானது என்று நம்பிவிடுகின்றனர்.

பழுதுபார்ப்பவர் செய்யத்தக்கவை வருமாறு. அழுந்திய வில் விடுபட்டுப் பாயும்போது கண்ணைக் கெடுக்கக்கூடும். ஆதலால் கண்ணாடி அணிதல் இன்றியமையாதது. எடுத்த சுருள்வில்லைத் துடைத்து, துரு, குழி, விரிசல், உராய்வு ஆகியவை உளவா என்று உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். ஒரு கோலில் அதனைக் கோத்துத் தராசின் தட்டின்மீது நிறுத்தி, பொருத்தும் நீளத்திற்கு அழுத்தியபோது தராசு காட்டும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதே வகைப் புதிய வில்லையும் அவ்வாறே சோதித்து இரண்டையும் ஒப்பிடுதல் சிறந்தது. நீளத்தை மட்டும் அளந்து முடிவுசெய்தல் போதாது என்பது மேலே கண்ட கணக்கினால் விளங்கும்.

இராணுவத்திலும் காவல்துறையிலும் மிகுதியாகப் பயிற்சிக்குப் பயன்படும் துப்பாக்கிகளில், சுட்ட தோட்டாக்களின் எண்ணிக்கையைக் கொண்டு வில் மாற்றுவதுண்டு. எடுத்துக்காட்டாக, அமெரிக்க இராணுவம் 1911-இல் ஏற்ற 0.45 அங்குலக் கைத்துப்பாக்கியின் மீட்புவில் 16 இராத்தல், அதாவது ஏறத்தாழ 7.3 கிலோகிராம், விசையுடையது. ஏறத்தாழ 2,000 தோட்டாக்களுக்கு ஒருமுறை அதனை மாற்றுதல் நன்று என்பது வழக்கில் உள்ள அறிவுரை. ஆனால் வீட்டில் வைத்திருக்கும் பழைய துப்பாக்கி ஓராண்டில் சில தோட்டாக்களே சுடும்; அதற்கு முன் எத்தனை சுட்டது என்பதை அறிவாரும் இல்லை. ஆகவே வரலாறு தெரியாத பழைய துப்பாக்கி கைக்கு வந்தால், எல்லா விற்களையும் ஒருமுறை மாற்றி, மாற்றிய நாளைக் குறித்துவைத்தலே சிக்கனமான வழி. சரியான வில் கிடைக்கவில்லையாயின், கிடைக்கும்வரை அத்துப்பாக்கியைப் பயன்படுத்தாதிருத்தலே அறிவுடைமை.

பராமரிப்பு

சுருள்வில்லின் பெரும் பகைவன் துரு. துரு அரித்த சிறு குழியே விரிசலின் தோற்றுவாய் ஆகிறது. பித்தளைப் பாத்திரம் துலக்குவது போல் புளியோ எலுமிச்சையோ கொண்டு வில்லைத் துலக்குதல் தவறு. அமிலம் மேற்பரப்பை அரிக்கும். கடுமையான அமிலங்களில் தோய்த்தால் ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்து அதனை நொறுங்கும் தன்மையுடையதாக்கும். இக்காரணத்தினாலேயே வில்லுக்குப் பளபளப்பான முலாம் பூசுவதும் விரும்பத்தக்கதன்று.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் முதலிய தாவர எண்ணெய்கள் நாளடைவில் காற்றுப்பட்டுப் பிசினாகி, உறுப்புகளை ஒட்டச் செய்யும். துப்பாக்கிக்கெனவோ தையல் இயந்திரத்திற்கெனவோ விற்கும் மெல்லிய கனிம எண்ணெயைச் சில துளிகள் இட்டு, மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். தோலுறையில் இட்டு மாதக்கணக்கில் வைத்தலும் கூடாது. தோல் ஈரத்தை ஈர்த்து எஃகில் துருவேற்றும்.

மாகசினில் தோட்டாக்களை நிரப்பி வைத்தால் வில் கெடுமா என்று கேட்பதுண்டு. நல்ல எஃகில் செய்து, எல்லைக்குட்பட்டு அழுத்தப்பட்ட வில், அசையாது அழுந்தியிருப்பதால் மட்டும் விரைவில் கெடுவதில்லை. மீண்டும் மீண்டும் அழுந்தி விரிவதே அதற்குப் பெருஞ்சோர்வு. ஆயினும் பழைய மாகசின்களின் எஃகு எத்தகையது என்பதை நாம் அறியோம். தேர்தல் காலங்களில் ஆணைக்கிணங்கத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்போதும், நெடுநாள் வீட்டுப் பெட்டகத்தில் வைக்கும்போதும், தோட்டாக்களை நீக்கித் தனியே வைத்தல் வில்லுக்கும் நலம். வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் நலம்.

ஆசிரியர்களுக்கு ஒரு சோதனை

இவ்வுண்மைகளை வகுப்பறையில் விளக்கத் துப்பாக்கி வேண்டுவதில்லை. எக்காரணத்தாலும் அதனைப் பள்ளிக்குள் கொண்டுவரலாகாது. பழைய பந்துமுனைப் பேனாக்களிலிருந்து எடுத்த ஒரே வகையான இரண்டு சுருள்விற்கள் போதும். இரண்டின் நீளத்தையும் அளந்து குறித்துக்கொள்ளச் செய்க. ஒன்றை அவ்வாறே விடுக. மற்றொன்றைக் கையால் இழுத்து, சில மில்லிமீட்டர் நிலையாக நீளுமாறு செய்து அளக்கச் சொல்லுக. பின்னர் இரண்டையும் ஒரு மெல்லிய கம்பியில் தனித்தனியே கோத்து, சுற்றுகள் தொடும்வரை ஐம்பது முறை அழுத்தி, மீண்டும் அளக்கச் செய்க. இழுக்காத சுருள்வில் பெரும்பாலும் தன் நீளத்திலேயே நிற்கும். இழுத்து நீட்டியது தான் பெற்ற நீளத்தில் ஒரு பங்கை இழந்திருக்கும். ஹூக்கின் விதியையும், அவ்விதியின் எல்லையையும், பௌஷிங்கர் கண்ட உண்மையையும் மாணவர் தம் கையாலேயே இவ்வாறு அறிந்துகொள்வர்.

களப்பணி ஊழியருக்கும் இப்பாடம் பயன்படும். பூச்சிமருந்து தெளிப்பானின் தடுக்கிதழிலும், குழந்தைகளின் எடையை அறியும் தொங்கு தராசிலும் அமைந்திருப்பது இதே சுருள்வில்தான். அளவுக்கு மீறிய பாரத்தைத் தொங்கவிட்ட தராசின் முள், பாரம் நீங்கிய பின்னும் பூச்சியத்திற்குத் திரும்பாமல் நிற்குமாயின், அதன் சுருள்வில் நிலையாகத் தளர்ந்துவிட்டது என்பது பொருள். அத்தராசு காட்டும் எடையைக் கொண்டு ஒரு குழந்தை நன்கு வளர்கிறது என்று ஏட்டில் எழுதலாகாது.

தராசு தவறினால் கணக்குத் தவறும். கைத்துப்பாக்கி தவறினால் உயிர் தவறக்கூடும். இரண்டிலும் உபாயம் ஒன்றே. சுருள்வில்லைக் கண்ணால் நம்பாது விசையால் அளத்தல் வேண்டும். தளர்ந்ததை இழுத்து நீட்டாமல் உரிய புதியதை உரியவர் கையால் பொருத்தச் செய்தல் வேண்டும். ஒரு புதிய வில்லின் விலை, பழுதான துப்பாக்கியால் நேரக்கூடிய இழப்போடு ஒப்பிட்டால் மிகச் சொற்பமே. பாட்டனார் விட்டுச்சென்ற பொருளைப் போற்றிக் காத்தல் நல்ல பண்பு. அவர் காலத்துச் சுருள்வில்லையும் அதனுள்ளேயே விட்டுவைத்தல் அப்பண்பில் சேராது.